படிவத்தில் ஏழாவது கட்டம்

அஸ்தம்பட்டியில் இரண்டு நாள் பயிற்சி.
மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்காதவர்கள்
கையேட்டால் விசிறிக்கொண்டு கேட்டோம்:
எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறுவதா,
சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்குவதா.

அடிவாரத்துப் பள்ளியின் குழந்தைசாமி சார்
எழுந்து நின்றே பேசினார்.
'அ' இல்லாமல் தொடங்கினால்
அது தமிழ் வகுப்பா, டைப்பிங் கிளாஸா?
கன்னங்குறிச்சி டீச்சர் சிரிக்காமல் சொன்னாள்:
என் பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான்
அ, அணில் என்கிறார்கள்.
படத்தை மறைத்தால்
அ-வும் மரமேறிவிடுகிறது.
பின்வரிசையில் ஒருவர்,
முழுச் சொல்லாகவே கொடுத்தால் என்ன,
பஸ் போர்டை அப்படித்தானே படிக்கிறார்கள் என்றார்.
பயிற்றுநர் மூன்றையும் பலகையில் எழுதி
மூன்றுக்கும் சரி போட்டு
டீ குடிக்க அனுப்பினார்.

கடைசி வண்டியில் மலையேறினேன்.
மடியில் எழுத்தட்டைக் கட்டு.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றும் ப,
கவிழ்ந்த ப, ஒருக்களித்துப் படுத்த ப.
எட்டாவதில் கட்டு அவிழ்ந்து
யார் யார் காலடியிலோ எழுத்துகள்.
மிளகு மூட்டையோடு வந்தவர்
ஒன்றைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து,
"இது நேரா, தலைகீழா டீச்சர்?" என்றார்.
அந்த மங்கல் விளக்கில்
எனக்கும் சட்டென்று தெரியவில்லை.

ஒரே அறை. ஐந்து வகுப்பு. பதினோரு பிள்ளைகள்.
முதல் வகுப்பில் நாலு பேர்.
அதில் ஒருத்தி மௌனிகா.
வரிசைப்படி போனால்
அவள் பெயரின் முதல் எழுத்து தை மாதத்தில்தான் வரும்.
ஔடதம் வந்து சேரும்வரை
அவளுக்கு அவள் பெயர் கிடையாது.
ஏழு மாதம் காக்கவைக்க மனம் வராமல்
முதல் நாளே எழுதிக் கொடுத்தேன்.
அவள் படிக்கவில்லை, பார்த்தாள்.
"நடுவுல ம. அது சரி.
ரெண்டு பக்கமும் எதுக்கு ஆள் நிக்குது?"

பதில் இல்லாததால்
ட-வில் தொடங்கினேன்.
கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு,
சின்னக் கைக்கு நோகாது.
பிறகு ப. பிறகு ம.
தலையில் புள்ளி வைத்தால் வாயை மூடு என்று
ஒரு விளையாட்டு.
படம், மடம், பட்டம்.
குழந்தைசாமி சார் போனில் விசாரித்தார்,
அ வந்துவிட்டதா?
இன்னும் பஸ் ஏறவில்லை சார் என்றேன்.

நாலாம் வாரம், நாகலூர்ப் பக்கமிருந்து
மழை சாய்ந்து அடித்த காலையில்
துணைக்கால் கொடுத்தேன்.
பாடம், மாடம், மாமா.
கையேடு சொன்னதையெல்லாம் சுவரில் ஒட்டினேன்.
அதுவரை வாய் திறக்காத கரிராமன்
ஓட்டை ஒழுகாத மூலையில் உட்கார்ந்து
ஈரம் படாமல் அட்டைகளை அடுக்கினான்.
ப.
ட்.
ட.
ஒரு கால்.
விரல் வைத்துக் கூட்டினான்:
"பட்டா."

கையேட்டில் இல்லாத சொல்.
மற்ற மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.
"எங்கப்பா நாளைக்கு அதுக்குத்தான்
தாலுகாபீசு போறாரு."
"எங்களுக்கும் இன்னும் வரலை."
கரிராமன் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இதுதானா டீச்சர் அது?
இவ்ளோ சின்னதா?"

இன்றைக்குப் படிவம் வந்திருக்கிறது.
ஏழாவது கட்டம்: பின்பற்றிய முறை.
எழுத்து முறை, சொல் முறை, கலப்பு முறை,
ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்.
எழுத்து நான் கொடுத்தது.
சொல் அவன் பிறப்பதற்கு முன்பே
அவன் வீட்டில் தினம் உண்டு, உறங்கியது.
அடுக்கியது அவன்.
இதற்கு எங்கே டிக் போட?

மதியத்துக்குள் அனுப்பச் சொல்லி
இரண்டு முறை செய்தி வந்துவிட்டது.
மௌனிகா தரையில் ம அட்டையை வைத்து
ஒரு பக்கம் சாக்பீஸை நிறுத்துகிறாள்,
இன்னொரு பக்கம்
பையிலிருந்து எடுத்த காப்பிக்கொட்டை.
அது நிற்காமல் உருள்கிறது.
மறுபடி வைக்கிறாள்.